எமில் சாபோ மைதானத்தில் இல்லாத நாள்

ரஸ்கின் ஃபெர்ரியில் எமில் சாபோவைப் பிடிக்காதவர்கள் யாரும் இல்லை. பனிக்காலத்தில் கார் கிளம்பவில்லை என்றால் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். தேவாலயத்துக் கொதிகலன் மக்கர் செய்தால் பாதிரியார் அவனுக்குத்தான் போன் போடுவார். கை சுத்தம், வாய் சுத்தம், யார் வம்புக்கும் போகாத ஆள். எல்லாம் சரி. ஆனால் ஃபுட்பால் (காலால் உதைத்து ஆடுவதல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்து மோதிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம்) நடக்கும் நாளில் மட்டும் அவன் மைதானத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது. இது ஊர்க் கட்டுப்பாடு. சட்டம் போட்டு எழுதி வைத்திருந்தால்கூட இத்தனை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்க மாட்டார்கள்.

ஆரம்பித்து வைத்தது அறுபத்தொன்றாம் வருஷத்து இறுதி ஆட்டம். அப்போது எமிலுக்குப் பதினேழு வயசு. வரிசையின் நடுவில் குனிந்து நின்று, கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் எறிந்து கொடுப்பது அவன் வேலை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து பெல்டன் ஊர்க்காரர்களைவிட ரஸ்கின் ஃபெர்ரி நான்கு புள்ளி முன்னே இருந்தது. ஒரு நிமிஷம்தான் பாக்கி. மழை வேறு. பின்னால் நிற்கும் பையன் கையில் பந்தைச் சேர்த்தால் அவன் தூரமாக உதைத்துத் தள்ளுவான், ஆட்டம் முடிந்தது, கோப்பை நம்முடையது. பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கி, உதைக்க நின்ற பையனின் தலைக்கு மேலே பறந்துபோயிற்று. பெல்டன்காரன் ஒருவன் ஓடிப்போய் நம் கோல் எல்லைக்குள் அதன்மேல் விழுந்தான், அவர்களுக்கு ஆறு புள்ளி. தோல்வி.

பந்து மேலே போனதை எமில் தன் கால்களுக்கிடையே தலைகீழாகப் பார்த்தான். இறங்கியதைப் பார்க்கவில்லை, அதற்குள் எவனோ அவனை இடித்துச் சேற்றில் தள்ளிவிட்டான். அதனாலோ என்னவோ, அவன் கனவில் அந்தப் பந்து இன்னும் இறங்கவில்லை. சாம்பல் நிற வானத்தில் மெதுவாகச் சுழன்று சுழன்று போய்க்கொண்டே இருக்கும். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி பெர்னிஸ் தட்டி எழுப்பும்வரை அவன் அண்ணாந்தே இருப்பான்.

சின்னப் பையன் செய்த பிசகு, அதோடு விட்டிருக்கலாம். ஊர் விடவில்லை. அடுத்த வருஷங்களில் எமில் பார்க்கப் போன ஆட்டங்களில் சில தோற்றன. எந்த ஊரில்தான் தோற்காது? சலூன் வைத்திருக்கும் ஜீனோ இருக்கிறானே, அவனுக்கு நாக்கில் சனி. கண்ணாடி ஓரத்தில் ஒரு காகிதத்தை ஒட்டி, எமில் வந்து டீம் தோற்ற தேதிகளை வரிசையாக எழுத ஆரம்பித்தான். பதினான்கு தேதிகள். அந்தப் பதினான்கு நாளும் ஜீனோவும்தான் கேலரியில் உட்கார்ந்திருந்தான், மேயரும் உட்கார்ந்திருந்தார், பாதிரியாரும் உட்கார்ந்திருந்தார். அவர்களுக்கு ராசி பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எமில் வந்து ஜெயித்த நாட்களை எழுதவும் யாருக்கும் தோன்றவில்லை. ஊர் ஒருத்தனைப் பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான்.

"நான் என்னடா பண்ணேன்? சும்மா உக்காந்து பார்த்தேன், அவ்வளவுதானே?" என்று எமில் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தான்.

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்டா, வந்தாலே போதும்" என்பான் ஜீனோ, கத்தரிக்கோலை நிறுத்தாமல். சலூனே சிரிக்கும். எமிலும் சிரிப்பான். வேறென்ன செய்வது?

கடைசியில் அவனாகவே ஒதுங்கிக்கொண்டான். ஊருக்கு மேலே குன்றில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. ஆட்ட நாளில் காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, ரேடியோவில் கேட்பான். கீழே மைதானம் உள்ளங்கை அளவுக்குத் தெரியும். ஒன்பது வருஷமாக இப்படித்தான். அப்படியும் தோற்றுப்போன நாட்களில், மேலேயிருந்து எட்டிப் பார்த்திருப்பான் என்று ஜீனோ அதற்கும் ஒரு காரணம் சொல்வான். கொடுமை என்னவென்றால், கேட்டுக் கேட்டு அவனுக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. கொஞ்சம் எட்டிப் பார்த்தால்கூட எங்கே கீழே ஏதாவது தப்பு நடந்துவிடுமோ என்று சில நாள் கண்ணை மூடிக்கொள்வான்.

எண்பத்துநான்காம் வருஷம் ரஸ்கின் ஃபெர்ரி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. எஃகு ஆலையை இழுத்து மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் நல்ல சேதி என்று சொல்லிக்கொள்ள அந்தப் பையன்களை விட்டால் வேறு எதுவும் இல்லை. இறுதி ஆட்டம் சொந்த மைதானத்தில், நவம்பர் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு. எதிராளி யார்? அதே பெல்டன்.

அந்த வாரம் முழுக்க ஊரே எமிலிடம் தேனொழுகப் பேசியது. "சனிக்கிழமை குன்றுக்குத்தானே எமில்?" என்று தேவாலய வாசலில் நான்கு பெண்கள் கேட்டார்கள். ஒரு பையனின் அம்மா முட்டைக்கோஸில் இறைச்சி சுருட்டி வேகவைத்து ஒரு டப்பா நிறையக் கொடுத்து, "மேல உக்காந்து சாப்பிடு, குளிரும்" என்றாள். அன்பாகத்தான் கொடுத்தாள். அதனால்தான் மறுக்க முடியாமல் வாங்கிக்கொண்டான்.

சனிக்கிழமை காலையில் ஆற்றிலிருந்து மூடுபனி எழும்பியது. வழக்கமாகப் பத்து மணிக்குக் கலைந்துவிடும். அன்றைக்கு அது கலையவில்லை. பாலம் மறைந்தது, ஆலைப் புகைபோக்கிகள் மறைந்தன, தேவாலயக் கோபுரம் கழுத்துவரை முங்கிப் பிறகு அதுவும் போயிற்று. எமில் காரில் உட்கார்ந்து பார்த்தான்; கீழே ஊரென்று ஒன்று இருப்பதற்கே அடையாளம் இல்லை. எங்கிருந்தோ பேண்டு வாத்தியம் மட்டும் கேட்டது. ரேடியோவில் வர்ணனை சொல்பவர் பாவம், அழாக்குறையாக, "யாரோ உதைத்திருக்கிறார்கள் என்று சத்தத்தை வைத்துச் சொல்கிறேன் நேயர்களே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாதி ஆட்டம் முடிந்து இடைவேளை விட்டபோது ஏழுக்கு ஏழு.

அப்போதுதான் பனிக்குள்ளிருந்து ஒரு உருவம் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறி வந்து கார்க் கண்ணாடியைத் தட்டியது. வால்டர். பெர்னிஸின் அண்ணன், எமிலுக்கு மைத்துனன். மைதானத்தில் சங்கிலி பிடிக்கும் கோஷ்டிக்கு அவன்தான் தலைவன்.

"இறங்கு மாப்ளே. எங்க கோஷ்டி ரூடிக்கு சிறுநீரகக் கல்லு. சுருண்டு விழுந்துட்டான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. கிளிப் போட ஆளில்ல."

"அதுக்கு என்கிட்ட ஏன் வந்தே? மூளை கீளை கெட்டுப்போச்சா?"

"முன்ன ரெண்டு வருஷம் நீ போட்டிருக்கே. வேற எவனுக்கும் தெரியாது. தெரியாதவனை வெச்சு ஆட விட மாட்டேங்கிறார் நடுவர்."

இந்தச் சங்கிலி விவகாரம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் பந்து அவர்களிடமே இருக்கும், இல்லாவிட்டால் எதிராளிக்குப் போய்விடும். பத்து கஜச் சங்கிலி, இரண்டு முனையிலும் கம்பு, அதைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நகர உள்ளூர் ஆட்கள். சந்தேகம் வந்தால் சங்கிலியை உள்ளே தூக்கிப்போய் அளப்பார்கள். தூக்கிப்போகும்போது இடம் பிசகக் கூடாதே, அதற்குத்தான் கிளிப். சங்கிலி வெள்ளைக்கோட்டைக் கடக்கும் இடத்தில், ஆடும் அணி எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்து விளிம்பில், கிளிப்பை மாட்டி வைப்பார்கள். உள்ளே போனதும் அதே கோட்டின் அதே விளிம்பில் கிளிப்பை வைத்துச் சங்கிலியை இழுத்தால் கணக்கு சரியாக இருக்கும். கோட்டின் அகலம் நான்கு அங்குலம்.

"ஊர் என்னை வெட்டிப் போட்டுடும் வால்டர்."

"யார் பார்க்கப்போறா? அடுத்த கம்பு என் பையன் கையில, அவன் வாயைத் திறக்க மாட்டான். இந்தப் பனியில என் தங்கச்சிக்கே உன்னை அடையாளம் தெரியாது. தொப்பியை இழுத்து விட்டுக்கோ."

எமில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரு யோசனை மெல்ல எழும்பியது, எழும்பியதும் அவனுக்கு உடம்பே லேசானது. "நான் உள்ள நின்னு டீம் ஜெயிச்சா?" என்றான்.

"ஜெயிச்சா நானே கேலரியில ஏறிக் கத்துறேன், எமில்தான்டா கிளிப் போட்டான்னு. அத்தோட உன் ராசி கதை முடிஞ்சுது."

"தோத்தா?"

வால்டர் தாடையைச் சொறிந்தான். "தோத்தா நீ இங்கயே இருந்தே. சீக்கிரம் வா."

ரேடியோவைக்கூட அணைக்காமல் எமில் இறங்கி நடந்தான்.

ஒன்பது வருஷம் கழித்து அந்தப் புல்லில் கால் வைத்தபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, எல்லோர் முகமும் ஈரமாகத்தான் இருந்தது. கேலரி தெரியவில்லை, இரண்டாயிரம் பேர் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. பையன்கள் வெள்ளையிலிருந்து வந்தார்கள், மோதினார்கள், வெள்ளைக்குள்ளேயே போனார்கள். தோள்கவசங்கள் மோதும் சத்தம் முதலில் வரும், ஆள் பிறகு வருவான். ஒரு தடவை ஒரு ஷூ மட்டும் தனியாக உருண்டு வந்து அவன் காலடியில் நின்றது. சொந்தக்காரன் ஒற்றைக்கால் உறையோடு வந்து எடுத்துக்கொண்டு, "தேங்க்ஸ்ங்க" என்று சொல்லிவிட்டு மறைந்தான். யாருக்கும் எமிலை அடையாளம் தெரியவில்லை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக எமிலை யாரும் ஒரு மாதிரி பார்க்கவில்லை. அது அவனுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

ஆனால் மூன்றாம் பகுதியில் பெல்டன் புள்ளி எடுத்துவிட்டது. பதின்மூன்றுக்கு ஏழு. நான் வந்ததால்தானா? ஓடிவிடலாமா என்றுகூட எமில் பார்த்தான். "அசையாதே" என்றான் வால்டர் பல்லைக் கடித்துக்கொண்டு. "நீ ஓடினா நான் கிளிப்பை என் பல்லுலயா கடிச்சுக்குவேன்?"

ஆட்டம் முடிய நாலு நிமிஷம். பந்து பெல்டனிடம். அவர்கள் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஆலைப் பக்கம் நோக்கி, அவசரமே இல்லாமல், நேரத்தைக் கொன்றுகொண்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். அப்போது பனிக்குள் ஒரு மோதல் சத்தம். பிறகு ஒரு கணம் ஒன்றுமே இல்லை. அப்புறம் பந்து தனியாக வெளியே வந்தது. எமிலுக்குப் பத்தடி தூரத்தில், முனையில் நின்று எழும்பி, நொண்டியடித்து, திரும்பி, என்ன செய்யலாம் என்று யோசிப்பதுபோல ஒரு சுற்றுச் சுற்றியது. பெல்டன் பையன் இரண்டு கையையும் நீட்டி அதன்மேல் பாய்ந்தான். அவன் கை படும் நேரத்தில் பந்து குதித்து, பின்னால் தடுக்கி விழுந்துகொண்டிருந்த ரஸ்கின் ஃபெர்ரி பையனின் வயிற்றுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. அந்தப் பையனுக்கே அது எப்படி வந்தது என்று தெரியாது. கட்டிப்பிடித்துக்கொண்டான்.

நம் பந்து! எமில் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தான். என் கண் முன்னால், என் காலடியில்! இதுதான் ராசி, வேறென்ன? இருபத்துமூன்று வருஷமாக மேலேயே சுற்றிக்கொண்டிருந்த பந்து இப்போதுதான் தரையிறங்கியது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அந்த வெள்ளைக்குள் நின்றவனுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. வால்டர் கம்பை மாற்றி ஊன்றச் சொல்லிக் கத்தினான். எமில் மண்டியிட்டுக் கிளிப்பை மாட்டினான். கண்ணில் தண்ணீர்.

முதல் முயற்சியில் நான்கு கஜம். இரண்டாவதில் மூன்று. மூன்றாவதில் இரண்டு. இனி ஒரே ஒரு கஜம், ஒரே ஒரு முயற்சி. கிடைத்தால் கோல் எல்லை பக்கத்தில். இன்னும் நான்கு முயற்சி, உயிர் இருக்கிறது. கிடைக்காவிட்டால் பந்து பெல்டனுக்கு, ஆட்டம் அவ்வளவுதான். இருபத்திரண்டு பையன்களும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சேற்றில் ஒரு குவியலானார்கள். நடுவர் ஒவ்வொருவனாகப் பிடுங்கி எடுத்து, அடியில் கிடந்த பந்தின் மேல் கையை வைத்து, அளக்கச் சொன்னார்.

சங்கிலியோடு உள்ளே ஓடினார்கள். எமில் கிளிப்பைப் பிடித்துக்கொண்டு ஓடி, கோட்டைக் கண்டுபிடித்து, ஆலைப் பக்கத்து விளிம்பில் அழுத்தி வைத்தான். நம் பையன்கள் ஆலைப் பக்கமிருந்துதானே வருகிறார்கள், அந்த விளிம்புதான் சரி. முன்முனையில் வால்டர் சங்கிலியை இழுத்துக் கம்பை ஊன்றினான். பந்தின் மூக்கு கம்பைத் தாண்டி இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. நடுவர் கையை முன்னால் நீட்டினார். கிடைத்துவிட்டது! பையன்கள் ஒருவர் தலைக்கவசத்தை ஒருவர் அடித்துக்கொண்டார்கள்.

எமில் எழுந்திருக்கவில்லை. கட்டைவிரல் இன்னும் கிளிப்பின் மேல் இருந்தது. ஆலைப் பக்கத்து விளிம்பு. சரி. ஆனால் சற்று முன்னால் ஓரத்தில் மண்டியிட்டு மாட்டினேனே, அப்போது? அதுவரை பெல்டன் ஆடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு ஆற்றுப் பக்கத்து விளிம்பு. பந்து கை மாறியதும் திசை மாறியது, விளிம்பும் மாற வேண்டும். நான் மாற்றினேனா? மாற்றவில்லை. சந்தோஷத்தில் பழைய விளிம்பிலேயே மாட்டிவிட்டேன். ஆற்றுப் பக்கத்துச் சுண்ணாம்பு கையுறையில் அப்பிக்கொண்டதும், அதைக் கால்சட்டையில் துடைத்ததும்கூட அவனுக்கு ஞாபகம் வந்தது. அப்படியானால் சங்கிலி முழுவதும் நான்கு அங்குலம் பின்னால் கிடக்கிறது. தாண்டியது இரண்டு அங்குலம். ஆக, தாண்டவே இல்லை. இரண்டு அங்குலம் குறைவு.

சும்மா இருந்தால் போதும். எழுந்து, சங்கிலியைத் தூக்கிக்கொண்டு, ஓரத்துக்குப் போனால் போதும். யாருக்குத் தெரியும்? அடுத்த பந்து ஆடிவிட்டால் யாராலும் திருப்ப முடியாது. ஊர் ஜெயிக்கும், வால்டர் கேலரியில் ஏறிக் கத்துவான், ஜீனோ அந்தக் காகிதத்தைக் கிழிப்பான், பெர்னிஸ் பக்கத்தில் அவன் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பான், எல்லோரையும்போல. பையன்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். நடுவில் குனிந்த பையன் பந்தின் மேல் கை வைத்தான். சேறு வழிய, உதட்டைக் கடித்துக்கொண்டு, பதினேழு வயசு.

"ஐயா" என்றான் எமில். வாய் திறந்த பிறகுதான் தான் பேசியதே அவனுக்குத் தெரிந்தது. "ஐயா, நிறுத்துங்க. கிளிப் தப்பு."

நடுவர் விசிலை ஊதிவிட்டு வந்தார். நரைத்த மீசையில் நீர் சொட்டியது. "என்னய்யா தப்பு?"

"முன்பக்கத்து விளிம்புல மாட்டிட்டேன். நாலு அங்குலம். நான்தான் மாட்டினேன்."

"நீ எந்த ஊரு?"

"இந்த ஊருதான்."

நடுவர் அவனை ஒரு கணம் பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சா சொல்ல மாட்டேங்க. சீக்கிரம் அளந்துடுங்க."

மறுபடி அளந்தார்கள். இந்த முறை பந்தின் மூக்கு கம்புக்கு இந்தப் பக்கமே இரண்டு அங்குலத்தில் நின்றது. நடுவர் கையை எதிர்த் திசையில் நீட்டினார். வால்டர் கம்பைப் பிடித்தபடி எமிலைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எமில் சாகும்வரை மறக்க மாட்டான். பெல்டன் பையன்கள் பந்தை வாங்கி, ஆடாமலே மூன்று தடவை அதோடு மண்டியிட்டு நேரத்தைக் கழித்தார்கள், ஆட்டம் முடிந்தது.

கேலரியில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. அளக்கிறார்கள், அளந்துகொண்டே இருக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். கடைசியில் ஒலிபெருக்கியில், "இரண்டு அங்குலம் குறைவு" என்று சொன்னார்கள். இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சை விட்ட சத்தம் பனிக்குள் எழும்பியது. அதன் பிறகு யாரோ ஒரு குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது.

"போ" என்றான் வால்டர், சங்கிலியைச் சாக்கில் போட்டுக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல். "மேல போயிடு."

எமில் குன்றின் மேல் ஏறினான். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்று அவனுக்கே தெரியாது. தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் வந்தபோது அவன் காரைச் சுற்றி மூன்று பேர் நின்றிருந்தார்கள். குன்றுச் சாலை வழியாக வீடு திரும்பிய ஜீனோவும் இன்னும் இரண்டு பேரும். பானெட்டைத் திறந்து, தங்கள் வண்டியிலிருந்து ஒயர் கொடுத்து, செத்துப்போன பேட்டரிக்கு உயிர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"தொட்டிக்குப் பின்னால ஒதுங்கப் போயிருந்தியாடா?" என்றான் ஜீனோ. அவன் கண் சிவந்திருந்தது. "ரேடியோவைப் போட்டுட்டே கிடந்திருக்கே. பேட்டரி சாகுற வரைக்கும் கேட்டிருக்கே, பாவி. ஊருக்கே மெக்கானிக், உனக்கு இதுகூடத் தோணலையா?"

எமில் தலையை ஆட்டினான். அன்றைக்கு வீட்டில் பெர்னிஸிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் அவனுடைய ஈரக் கோட்டை வாங்கி அடுப்பருகே தொங்கவிட்டாள். பிறகு, "நீ செஞ்சதுதான் சரி. ஆனா எனக்கு இப்ப உன் மேல அவ்ளோ கோவம் வருது" என்று சொல்லிவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

மறுநாள் பூசை முடிந்து ஊரில் பாதிப்பேர் லொரெய்ன் கடையில் காப்பிக்குக் கூடியிருந்தார்கள். எழவு வீடு மாதிரி இருந்தது கடை. எமில் உள்ளே நுழைந்ததும் ஜீனோ எழுந்து நின்று கரண்டியால் கோப்பையைத் தட்டினான். அவன் கையில் அந்தக் காகிதம் இருந்தது. ஓரமெல்லாம் மஞ்சளாகி, சலூன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பசையோடு.

"எல்லாரும் கேளுங்க" என்றான். "நேத்து நாம தோத்தோம். ரெண்டு அங்குலம். ரெண்டே அங்குலம்! அந்த நேரத்துல இந்த ஆளு எங்க இருந்தான்? குன்று மேல. நான் என் கண்ணால பார்த்தேன், பேட்டரி செத்துக் கிடந்துச்சு. அந்தப் பனியில எட்டிப் பார்க்கவும் வழியில்ல. இவன் இல்லாமலே நாம தோத்துட்டோம்டா. அப்ப இத்தனை வருஷமா இவன் மேல பழி போட்டோமே, நாமெல்லாம் மனுஷங்களா?" அவனுக்குக் குரல் உடைந்தது. "எமில், என்னை மன்னிச்சுடு."

சர்ரென்று காகிதத்தைக் கிழித்தான். கடை முழுக்கக் கை தட்டியது. யாரோ எமில் முதுகில் தட்டினார்கள். முட்டைக்கோஸ் கொடுத்த பெண் ஓடிவந்து அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

எமில் கையைத் தூக்கினான். "இல்ல. இருங்க. நான் அங்க இருந்தேன்."

"எங்க?"

"மைதானத்துல. ரூடிக்குப் பதிலா நான்தான் கிளிப் போட்டேன். முதல்ல நடுவர் நமக்குத்தான் குடுத்தாரு. கிளிப் தப்புன்னு நான்தான் சொன்னேன். மறுபடி அளந்தாங்க. நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா—"

ஜீனோ சிரித்தான். சிரிப்பு பரவியது, நேற்றிலிருந்து அந்த ஊர் முதல் தடவையாகச் சிரித்தது. "கேளுங்கடா இவனை! நம்மளைத் தேத்துறதுக்காகப் பழியைத் தானே எடுத்துக்கிறான். எப்பேர்ப்பட்ட மனுஷன்!"

"தேத்தலடா! நெசமா சொல்றேன். வால்டரைக் கேளு, அவன்தான் கூட்டிட்டுப் போனான்."

எல்லோரும் வால்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலோர மேஜையில் வால்டர் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தான். ராசியில்லாதவனை இறுதி ஆட்டத்துக்கு அழைத்து வந்தவன் என்று ஊர் தெரிந்துகொண்டால் அவன் கதி என்ன? அதுவும் இருந்தது. எமில் முகத்தை அவன் ஒரு தடவை பார்த்தான். இத்தனை வருஷம் கழித்து எமிலுக்குக் கிடைத்ததைப் பிடுங்க மனசு வரவில்லை என்பதும் இருந்தது.

"கிளிப் போட்டது நடுவரோட வந்த எவனோ கிழவன்" என்றான் வால்டர். "மாப்ளே குன்றை விட்டு இறங்கவே இல்ல."

"அடப்பாவி!" என்று எமில் கத்தினான். "இருபத்துமூணு வருஷமா நான் இல்லடா, நான் இல்லடான்னு சொன்னேன், ஒருத்தனும் நம்பல. இன்னைக்கு நான்தாண்டான்னு சொல்றேன், அதையும் நம்ப மாட்டேங்கிறீங்களே!"

சிரித்துச் சிரித்து சிலருக்குப் புரையேறிவிட்டது. பெர்னிஸ் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "போதும் எமில்" என்றாள் மெதுவாக. "உக்காரு."

லொரெய்ன் ஒரு பெரிய துண்டு ஆப்பிள் கேக்கைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்து, காசு வேண்டாம் என்றாள். அடுத்த வருஷம் தன் பக்கத்து இருக்கைதான் அவனுக்கு, வேறு யாராவது உட்கார்ந்தால் காதை அறுத்துவிடுவேன் என்று ஜீனோ எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்தான். ஊரே எமிலை மாறி மாறித் தட்டிக்கொடுத்தது. வாழ்நாளில் அவன் ஆசைப்பட்டதெல்லாம் இந்த ஒன்றுக்குத்தான். தன் கையாலேயே ஊரைத் தோற்கடித்த மறுநாள் அது கிடைத்திருக்கிறது. எமில் சாபோ முள்கரண்டியைக் கையில் பிடித்தபடி, தோள் குலுங்க, விம்மி விம்மி அழுதான்.

"அழட்டும், விடுங்க" என்றான் ஜீனோ, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு. "எத்தனை வருஷத்து பாரம்!"